பின்கதவுச் சாவி

கம்பெனி வாசலில் அறுபது பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேச என்னை அனுப்பியிருந்தார்கள். அன்று எனக்கு வந்த பயம் இப்போதும் நினைவிருக்கிறது. கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவனாக, விடுதித் தண்ணீருக்காக ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்தவன் நான். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பணியாளர் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நேர்முகத்தில் மேனேஜர் என் பேரவைச் சான்றிதழைத்தான் இரண்டு தரம் படித்தார். "கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிஞ்ச ஆளுதானுங்க வேணும்" என்றார். அதைப் பாராட்டென்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் குண்டடத்தில் அப்பா, மகன் ஆபீசராகிவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பெண்கள் வாசலில் நின்றதற்கு முந்தைய நாள் மதியம் கழிவுத்துணிக் குவியலில் தீப்பிடித்தது. சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். ஆனால் புகைக்குள் பின்கதவுக்கு ஓடிய பெண்கள் அது பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் யாரும் உள்ளே போகவில்லை. "நீங்க பேரவைத் தலைவராச்சுங்களே, பேசி அனுப்புங்க" என்றார் மேனேஜர்.

பேசினேன். கம்பெனி நம் குடும்பம், பொறுமை வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. செக்கிங் பகுதியில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் முன்னால் வந்தார். அவர் முழங்கையில் தீக்காயத்துக்குக் கட்டு.

"அதெல்லாம் சரி தம்பி. சாவி யார்ட்ட இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றியிருக்கவில்லை. மேனேஜர் அறைக்கு மாடிப்படி ஏறும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை நின்றேன். அவரிடம் பின்கதவுச் சாவியைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, உங்கள எந்தப் பக்கம் பேசறதுக்குங்க வேலைக்கு எடுத்தேன்?"

"கதவு தெறந்தாத்தான் உள்ள வருவாங்க சார்" என்றேன். அப்படியே நின்றேன். கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் போட்டார்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. என் கை நடுக்கத்தில் சாவி துளையில் நுழையவில்லை. அக்காதான் வாங்கித் திறந்தார்.

இரண்டு மாதத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கம்பெனி கேட் பக்கத்தில் நின்றபோது அக்கா வந்தார்.

"அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டியளோ தம்பி?"

"ஆமாக்கா."

"நாங்களுந்தான்" என்றார். பிறகு மணி அடித்தது, உள்ளே போனார்.