நான்கு பேரைத் தள்ளிய மடக்கு சைக்கிள்

முத்திரை அக்காவுக்கு அந்த மாதத்தில் இரண்டு தாமதக் குறிகள் விழுந்திருந்தன. மூன்றாவதும் விழுந்தால் காலை முறைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, "தேவைப்பட்டால் கூப்பிடுவோம்" பட்டியலில் போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலுக்குப் போன யாரையும் திரும்பக் கூப்பிட்டதாக அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை வார்டுவாரியாகப் பிரித்து அடுக்குவது வேலை. விரிப்பின் மூலையில் வார்டு எண்ணை மையில் குத்தியிருப்பார்கள். நூறு தடவை வெந்நீரில் புரண்ட துணியில் மை எங்கே நிற்கும்? மற்றவர்களுக்கு வெறும் வெள்ளையாகத் தெரிவதை, ஈரத்தோடு ஜன்னல் பக்கம் பிடித்து அக்கா படித்துவிடுவார். முத்திரை அக்கா என்ற பெயர் அப்படி வந்தது. பெயர்தான் வந்தது, வேறொன்றும் கூட வரவில்லை.

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐந்து கிலோமீட்டர். ஐந்தரை மணி பஸ் வந்தால் ஆறு மணிக்குள் கையெழுத்து. வராவிட்டால் நடை. பஸ் வராததற்கு பஸ் கம்பெனியில் யாருக்கும் தாமதக் குறி போடுவதில்லை. நடந்து, வியர்த்து, ஆறரைக்கு வந்து நிற்கும் பெண்ணுக்குத்தான் போடுகிறார்கள்.

சைக்கிள் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் கார்களுக்குக் கூரை உண்டு. நிரந்தர ஊழியர்களின் ஸ்கூட்டர்களுக்குத் தகர ஷெட் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாகனங்களுக்கு வளாகத்தில் இடமில்லை என்று கேட்டிலேயே பலகை தொங்குகிறது. வெளியே மதில் ஓரம் நிறுத்திய சைக்கிள்கள் மாலைக்குள் யாருடையதோ ஆகிவிடும். ரத்தமும் சீழும் தோய்ந்த துணியை அள்ள அந்தக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் ஓட்டிவரும் சைக்கிள் மட்டும் வளாகத்தின் அழகைக் கெடுத்துவிடுமாம்.

அக்கா குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த டெய்லரிடம் ஒரு மடக்கு சைக்கிள் கிடந்தது. சின்னச் சக்கரங்கள். நடுவில் ஒரு கீல், கைப்பிடிக்கு ஒரு கீல். மடித்தால் பெரிய சூட்கேஸ் அளவுதான். மூட்டையாகக் கட்டித் துணி அலமாரிக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. வண்டியின் உடம்பு முழுக்க யாரோ பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், ஒன்றும் தெரியவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. காசெல்லாம் வேண்டாம். என் பொண்ணு பாவாடை ரெண்டுக்கு ஓரம் அடிச்சுக் குடுங்க, போதும்" என்றார் டெய்லர்.

"டெய்லரே, ஓரம் அடிக்க நானா? நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"எனக்குச் சொந்த வீட்டு வேலைன்னா கை வராதுக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மறைக்கக் கூடாது. அது ராசியில்லாத வண்டி. என் மச்சான் விழுந்து பல்லு போச்சு. அவனுக்கு முன்னாடி வச்சிருந்த வாத்தியாருக்குக் கை ஒடிஞ்சுது. அவருக்கு முன்னாடி யாரோ ஒரு பையன், அவனும் விழுந்திருக்கான். மூணு பேரைத் தள்ளின வண்டி. பார்த்து ஓட்டுங்க."

"என்னை வாழ்க்கையே அப்பப்போ தள்ளுது. அதைவிடவா இது தள்ளிடும்?"

மறுநாள் மாலை கட்டடத்தின் பின்பக்கச் சரிவில் ஓட்டிப் பார்த்தார். கால் எட்டியது, வண்டி உருண்டது, காற்றுகூட முகத்தில் பட்டது. சரிவின் கடைசியில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். முழங்கால் தோல் போனது. நாய் போகாமல் நின்று பார்த்தது.

கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. அவர் வேலை முடித்து வரும்போது அக்கா கிளம்பியிருப்பார். மத்தியானம் மூன்றிலிருந்து எட்டு வரைதான் இருவரும் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு பார்ப்பது. அதிலும் பாதி நேரம் கொட்டாவி.

"சொன்னா கேக்கறியா? நாலாவது ஆளு நீ. அதைத் தூக்கிக் கீழே போட்டுட்டு வந்துடறேன்" என்றார் கணவர், காயத்தில் மருந்து தடவிக்கொண்டே.

"இருங்க. நான் எப்படி விழுந்தேன் தெரியுமா? கைப்பிடிக்கு மேல பறந்து போய் விழுந்தேன். முன் பிரேக்கைப் பிடிச்சப்போ."

"எப்படி விழுந்தா என்னம்மா? விழுந்தது விழுந்ததுதானே."

"ராசின்னா சரிவு முழுக்க விட்டுட்டு, நான் முன் பிரேக்கைப் பிடிக்கிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? அதுக்கு முன் சக்கரத்து மேல மட்டும் என்ன கோவம்?"

கணவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். வந்தது.

அக்கா நொண்டிக்கொண்டே மூன்று மாடி இறங்கி டெய்லரிடம் போனார். மச்சான் எப்படி விழுந்தார் என்று கேட்டார். இறக்கத்தில், பிரேக் பிடித்தபோது. எந்த பிரேக்? டெய்லர் மச்சானுக்குப் போன் போட்டார். முன்னாடிதான். வாத்தியார்? அவரும் சிக்னலில் திடீரென்று பிடித்தபோதுதான் என்று மச்சானுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ராசி என்ற பதில் கையில் தயாராக இருக்கும்போது கேள்விக்கு என்ன வேலை? பல் போனவர் பல்லைக் கட்டிக்கொண்டு, வண்டியை அடுத்தவர் தலையில் கட்டினார்.

தெருக்கோடி சைக்கிள் கடைக்காரருக்கு ஓவராயில் என்று பெயர். பஞ்சர் என்று போனாலும் "மொத்தமா ஓவராயில் பண்ணணும்" என்பதே அவர் முதல் வார்த்தை; முழு வண்டியையும் பிரித்துப் பூட்டுவதை அப்படித்தான் சொல்வார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். முன் சக்கரத்தைச் சுற்றினார். கண்ணை இடுக்கினார்.

"மொத்தமா ஓவராயில்…"

"அண்ணே, எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். பிரேக் பிடிச்சா ஏன் விழுது?"

அவர் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் முன் ஃபோர்க்கின் கால்களை ஸ்கேலால் அளந்தார். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. கால்கள் நேராக இறங்காமல், கோபமாக நிற்கும் ஆள்போல அகட்டி நின்றன.

"யாரோ படுபாவி விரிச்சிருக்கான். இந்த மாதிரி மடக்கு வண்டிக்கு ஹப், அதான் சக்கரத்து நடுவுல இருக்கற குடம், குறுகல். எழுபத்துநாலு மில்லிமீட்டர். மடிச்சா இடம் அடைக்கக் கூடாதுன்னு அப்படிச் செய்வாங்க. ஒரிஜினல் சக்கரம் போயிருக்கும். சாதா சக்கரத்துக்கு ஹப் நூறு. உள்ள போகலை. ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்து விரிச்சுச் சொருகிட்டான். நட்டு ஓரத்துல மட்டும்தான் கடிச்சுக்கிட்டு நிக்குது. பிரேக்கை அழுத்தினா அச்சு நகருது, சக்கரம் சாயுது, டயர் காலில் சிக்கி நிக்குது. நீ பறக்கற."

"அப்போ ராசி இல்லை?"

"இருபத்தாறு மில்லிமீட்டர்மா, ராசி இல்லை."

அக்கா கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நிம்மதியா, களைப்பா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் நாலேகாலுக்கு எழுந்த உடம்பு அது.

"மறுபடி நெருக்கி வளைச்சிட முடியாதா அண்ணே?"

"வளைச்ச இரும்பைத் திருப்பி வளைச்சா ஒருநாள் ஒடியும். அதுல உன்னை ஏத்திவிட்டு நான் தூங்க முடியாது. இதே வண்டியோட ஃபோர்க்கும் முன் சக்கரமும் வேணும். ஆனா இது எந்த வண்டின்னே தெரியலையே. அடியில நம்பர் குத்தியிருப்பான், பெயிண்ட் மூடிடுச்சு. சுரண்டினா நம்பரும் சேர்ந்து போயிடும்."

அக்கா எழுந்தார். சலவைக்கூடத்துத் தள்ளுவண்டிகளின் அடியிலும் எண் குத்தியிருக்கும். ஆண்டு தவறாமல் அதன்மேல் பெயிண்ட் அடிப்பார்கள், பிறகு எந்த வண்டி எந்த மாடிக்கு என்று தெரியாமல் முழிப்பார்கள். அங்கே பெண்கள் செய்வது இதுதான்: காய்ந்த கஞ்சிப் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார்கள். மேடு சுத்தமாகும், பள்ளத்தில் வெள்ளை நிற்கும்.

"கஞ்சிப் பவுடர் இருக்கா?"

"சைக்கிள் கடைம்மா இது."

டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடர் இருந்தது. அக்கா பெடல் அச்சுக் கூட்டின் அடியில் அதைத் தேய்த்தார், துடைத்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்தார். பச்சையில் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக இரண்டு எழுத்தும் ஏழு எண்ணும் எழுந்தன. ஓவராயில் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

எழுத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. மூடப்பட்டுப் பல வருஷமான ஒரு கம்பெனி. புது உதிரிப் பாகம் உலகத்தில் கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனி ஒரு தொழிற்பேட்டைக்கு மொத்தமாக வண்டி கொடுத்தது, அவை எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தார்.

வார விடுமுறை அன்றுதான் அக்கா தூங்குவார். அந்த வாரம் தூங்கவில்லை. காகிதத்தில் பவுடரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி இரும்புக் கடைக்குப் போனார். மடக்கு சைக்கிள் எலும்புக்கூடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாம் ஒரே துரு, ஒரே தோற்றம்.

"என்னம்மா, சைக்கிளுக்குப் பவுடர் பூசி எங்க கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வேலைக்குத்தான். வேற எங்க போக விடறாங்க?"

வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் ஐந்தும் வேறு எழுத்து. முழங்கால் காயம் விரிந்து கசிந்தது. ஆறாவதில் எழுத்து சரி, ஆனால் ஃபோர்க் இல்லை. ஏழாவதை இழுக்கவே கடைக்காரர் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. பின்பாதி ஏதோ லாரிக்கு அடியில் போனதுபோல நசுங்கியிருந்தது. முன்பாதி முழுசு, சக்கரத்தோடு. பவுடர் தேய்த்தார். அதே இரண்டு எழுத்து. கடைக்காரரைச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். ஓவராயில் வெட்டிக் கொடுத்திருந்த எழுபத்துநாலு மில்லிமீட்டர் மூங்கில் குச்சியை ஃபோர்க்கின் நுனிகளுக்கு இடையில் வைத்தார். உரசிக்கொண்டு நின்றது. ஃபோர்க்கையும் சக்கரத்தையும் விலை பேசி எடுத்துக்கொண்டார்.

ஓவராயில் மூன்று மாலைகள் வேலை பார்த்தார். ஃபோர்க்கை மாற்றி, குறுகல் ஹப் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பிரேக் ரப்பர், டயர், கீல்களின் தேய்ந்த பூட்டு எல்லாம் புதிதாகப் போட்டார். கேரியர் ஒன்றும் வைத்தார். அக்கா வேண்டாம் என்றார். "மொத்தமா ஓவராயில்னு சொன்னேன்ல" என்று முடித்துவிட்டார். பிறகு தானே சரிவில் ஏறி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பத்துத் தடவை நின்று காட்டினார். டெய்லர் கத்திரிக்கோலோடு வந்து, பத்துத் தடவையும் பார்த்தார். "ராசி மாறிடுச்சு போல" என்றார். சிலரைத் திருத்த முடியாது.

திங்கட்கிழமை ஐந்தரை பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் நின்றவர்களைக் கடந்து அக்கா மிதித்துக்கொண்டு போனார். ஐந்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி கேட். வண்டியை மடித்து, கிழிந்த விரிப்பில் தைத்திருந்த பையில் போட்டுத் தோளில் மாட்டினார். பன்னிரண்டு கிலோ. ஈரத் துணி மூட்டை அதைவிடக் கனம்.

சூப்பர்வைசர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"என்ன அது?"

"சைக்கிள் சார்."

"ஒப்பந்த ஆளுங்க வண்டி உள்ள வரக் கூடாதுன்னு பலகை இருக்கே, படிக்கத் தெரியாதா?"

"நல்லாவே தெரியும் சார். உள்ள விடலைன்னா அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. அஞ்சு அம்பதுக்கு வந்தாங்க, சைக்கிள் மூட்டையோட வந்ததால நான் உள்ள விடலைன்னு. கீழ உங்க கையெழுத்து. நான் அப்படியே திரும்பிடறேன்."

பதினோரு ஆண்டுகளாக அந்த மனிதர் மற்றவர்களிடம்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தன்னிடம் ஒருவர் கேட்பது புதிது. கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னால் துப்புரவுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். போராட்டம் ஒன்றும் இல்லை. வழி அடைபட்டிருந்தது, அவ்வளவுதான்.

"சார், எங்களுக்கும் நேரமாகுது. எங்களுக்கும் சேர்த்தே எழுதிக் குடுங்க" என்றது ஒரு குரல்.

ஏழு மணிக்கு ஆப்பரேஷன் அறைக்கு விரிப்பு போகாவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும்.

"கண்ணுல படாத இடத்துல வை. யாராவது கேட்டா எனக்குத் தெரியாது."

பலகை அங்கேயேதான் தொங்குகிறது. அதை யாரும் கழற்றவில்லை. பின்னால் வந்த பெண்களில் பாதிப் பேர் அன்றும் நடந்து வந்தவர்கள். நாளையும் நடப்பார்கள்.

அக்கா கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்து ஐம்பத்துநாலு. மூட்டையை அலமாரிக்கு அடியில் தள்ளினார். இயந்திரங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பதினோரு ஆண்டில் வேலைக்கு முன்னால் உட்கார அவருக்கு நேரம் கிடைத்ததில்லை, எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் நேற்றைய அழுக்குத் துணிக் குவியலின்மேல் உட்கார்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடினார். தூங்கவில்லை. ஆறு அடிக்கும்வரை யாருக்கும் எதற்கும் பதில் சொல்லாமல் அப்படியே இருந்தார்.