எங்கள் ஊரில் யாரும் டிலைட்டட் ஆவதில்லை

போன சனிக்கிழமை என் மகள் ஷீபாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பாவுக்குப் பூர்வீகம் கேரள எல்லையில் எங்கள் பக்கத்து வெள்ளறடை, பிழைப்பு பம்பாய். தமிழை மறந்துவிட்டார். மலையாளம் கற்கவே இல்லை. மிச்சம் இருந்தது இங்கிலீஷ். அது எனக்கும் கொஞ்சம் உண்டு.

காப்பியும் முறுக்கும் முடிந்தன. மனிதர் இரண்டு கைகளையும் விரித்து, “வீ ஆர் டிலைட்டட்!” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முறை.

அர்த்தம் தெரியும் சார். உள்ளம் பூரித்த, பேரானந்தம் அடைந்த... ஆனால் அதை உபயோகிப்பது எப்படி? எங்கள் பாறசாலை வட்டாரத்தில் யார் வாய்விட்டுப் பூரித்திருக்கிறார்கள்? மகனுக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைக்கட்டும், கல்யாண விருந்தில் பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கட்டும். “எப்பிடி உண்டு?” என்று விசாரித்தால் பதில் ஒன்றுதான் — “தரக்கேடில்ல.” அதாவது, மோசமில்லை. அதற்கு மேல் போனால் கண் பட்டுவிடும்.

அந்தப் பழக்கம்தான் இங்கிலீஷில் வந்து விழுந்தது. “நாட் பேட்” என்றேன்.

விரிந்த கைகள் மடங்கின. கார் கிளம்பிப் போயிற்று.

“நல்ல சம்பந்தமாக்கும், கெடுத்தியளே!” என்றாள் மனைவி கிரேஸ். “சந்தையில மாட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பாத்தவன மாதிரி... நாட் பேடாம்!”

சாயங்காலம் வியர்க்க விறுவிறுக்க பனச்சமூடு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அவர்கள் தங்கியிருந்தது திருவனந்தபுரம் லாட்ஜில். வழியெல்லாம் ஒத்திகை. இந்தச் சொல்லுக்கு அர்த்தம் மட்டும் போதாது. பல் தெரிய வேண்டும், குரல் ஏற வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஏற்றினேன்.

“சார்! ஐ ஆம் டிலைட்டட்! மை வைஃப் டிலைட்டட்! ஆல் டிலைட்டட்!”

வெளியே காத்திருந்தவர் கதவைத் தட்டினார். “அண்ணா... ஆரு மரிச்சா?”

போனில் வந்தது ஒரு கேள்வி. “ஈஸ் யுவர் டாட்டர் டிலைட்டட்?”

அய்யய்யோ... அதை யாரும் கேட்கவில்லையே!

வீட்டுக்கு ஓடினேன். “மக்களே, நீ டிலைட்டடா?”

ஷீபா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எப்பிடிப்பா சொல்லுதது? அவரு முறுக்கு கடிச்சத மட்டுந்தானே கண்டேன். ஒருக்கா பேசிப் பாத்திட்டுச் சொல்லுதேன்.”

மறுபடி பூத். இந்த முறை இங்கிலீஷ் தடுமாறவே இல்லை. சந்தோஷச் செய்தி இல்லையல்லவா! “சார், டாட்டர் நாட் டிலைட்டட். ஃபர்ஸ்ட் டாக்கிங்.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. பையனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

மறுநாள் இருவரும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். கிரேஸ் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் எழுந்து வந்து, சம்மதம் என்றார்கள்.

கேட்காமலே விட்டிருந்தால்? டிலைட்டட் ஆகியிருந்தது அப்பாமார் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்... மாலையையும் நாங்களே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.