வேலம்மாள் வீடு பார்த்த கதை

வீட்டுத் தரகனுக்கு மூலதனம் மூன்று: ஓடுகிற சைக்கிள், தேயாத செருப்பு, கோபமே வராத முகம். முதல் இரண்டையும் ராஜபாளையத்திலேயே வாங்கிவிட்டேன். மூன்றாவது எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வீடு காட்டிக் காட்டியே எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் ஓட்டியவன் நான். வாடகை வீட்டில் காலம் தள்ளிக்கொண்டு ‘பேசாமல் ஒரு வீட்டை வாங்கியிருக்கலாமோ’ என்று புரண்டு படுப்பவர்களும், வாங்கிவிட்டு ‘பேசாமல் வாடகைக்கே இருந்திருக்கலாமோ’ என்று புரண்டு படுப்பவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். வேலம்மாள் போல என் பொறுமையைச் சோதித்தவர் வேறு யாரும் இல்லை. அவரை மெச்சியதுபோல நான் வேறு யாரையும் மெச்சியதும் இல்லை.

அவர் கணவர் கருப்பசாமி பட்டாளத்தில் ஹவில்தார், வடக்கே எல்லைப் பக்கம் வேலை. ராஜபாளையத்தில் வேலம்மாள் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்த வாடகை வீட்டை, வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காகக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ‘இனி வாடகையே வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடு’ என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். வாழ்நாள் சேமிப்பு அது, ஒரு தடவைதான் வாங்க முடியும். அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாங்குகிற வீட்டில் தனியாக இருந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டியவர் வேலம்மாள். முதல் நாளே இதை என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுத்தான் வீடு பார்க்கவே கிளம்பினார்.

ஒரு கைப்பிடிப் பருப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. தேக்குக் கதவு, வற்றாத கிணறு, கோயில் மணி உள்ளேயே கேட்கும். அழைத்துப் போனால், அந்த அம்மா வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்தார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த துவரம்பருப்பை அவிழ்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், “அக்கா, இந்தத் தண்ணியில இதைச் செத்த நேரம் வேக வச்சுத் தாங்க” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வீட்டுக்காரரோடு நின்று, அந்த வருசம் மழை பொய்த்ததைப் பற்றி எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவும் பேசினேன்.

பருப்பு கொதித்தது, குதித்தது, வேகத்தான் இல்லை. “இந்தக் கிணத்துத் தண்ணி உப்பு, நாங்களே சமையலுக்குத் தெருக்குழாய்த் தண்ணிதாம்மா பிடிக்கோம்” என்று பக்கத்து வீட்டுப் பெண் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “இப்படிப் பார்த்தா வாடகைக்குக்கூட உனக்கு வீடு அமையாது தாயி” என்றேன். வேகாத பருப்பில் நாலைந்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு வேலம்மாள் சொன்னார்:

“வாடகை வீடுன்னா குடத்தைத் தூக்கிட்டு வேற வீட்டுக்குப் போயிரலாம் அண்ணாச்சி. வாங்கிட்டா இந்தத் தண்ணியையும்லா சேர்த்து வாங்கணும்.”

வீட்ல ஆம்பளை யாரு?

சரி, நல்ல வீடு அமைகிறவரை வாடகைதான் என்று முடிவாயிற்று. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கேள்வி கேட்கமாட்டார்கள். சுவரில் ஆணி அடிப்பீர்களா, ஊரிலிருந்து ஆள் வந்து தங்குமா, பிள்ளைகள் கிறுக்குமா.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் மாடி வீடு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ராஜபாளையத்தில் கடை வைத்திருந்தார். ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு மாடியைத் தன் குடும்பத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அந்தத் தெருவில் அது வழக்கம்தான். அதற்கு வேலம்மாள் உடனே சரி என்றார். ஆனாலும் சங்கரலிங்கம் வேலம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீட்ல ஆம்பளை யாரு?” என்று என்னிடம் கேட்டார். நான் பூசி மெழுக ஆரம்பிப்பதற்குள் வேலம்மாள் முந்திக்கொண்டார். சங்கரலிங்கத்தைச் சாவி எடுத்துக் கொடுக்க வைத்தது அவர் சொன்ன இந்தப் பதில்தான்:

“அவிய நாட்டுக்குக் காவல் இருக்காக. உங்க வீட்டுக்கு நான் காவல் இருக்கேன்.”

தேர் அன்றைக்கு

தேர் அன்றைக்கு மாடி முழுக்கச் சங்கரலிங்கத்தின் சொந்தபந்தம். நானும் ஓசியில் தேர் பார்க்கப் போயிருந்தேன். வேலம்மாள் அத்தனை பேருக்கும் மோர் கரைத்துக் கொடுத்தார். தேர் தெருமுனை திரும்பி எல்லாரும் மாடிச் சுவரோரம் முண்டியடித்தபோது, ஒருவர் மட்டும் மேலே வரவில்லை. வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்டிருந்த கோமதி, சங்கரலிங்கத்தின் கூடப்பிறந்த தங்கை. கீழே நடு அறைச் சுவரில் கை வைத்தபடி நின்றார். வேலம்மாள் மோர் டம்ளரை நீட்டி, என்ன என்று கேட்டார்.

“இந்த ரூம்புலதான் நான் பெறந்தேன். எங்கப்பா யாருக்கும் எழுதி வைக்காமப் போயிட்டாக. இப்ப வருசத்துக்கு ஒருநா மாடிக்கு மட்டும் வாரேன்.”

இரண்டு மாத லீவு

மறுவருசம் கருப்பசாமி லீவில் வந்தார். அந்த வீடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. தண்ணீரும் நல்ல தண்ணீர், பருப்பு பூவாக வெந்தது. சங்கரலிங்கம் விற்கத் தயார். இரண்டு பக்கமும் கமிஷன் வருமே என்று நான் அவரைவிடத் தயார். வேலம்மாள் ஒருவர்தான் ஒற்றைக்காலில் நின்றார்: அப்பா எழுதி வைக்காமல் போன வீட்டில் தங்கைக்கும் பங்கு உண்டு, அவர் கையெழுத்துப் போடாமல் வாங்கக் கூடாது. “சீர் செஞ்சு அனுப்பியாச்சு, இன்னும் அவளுக்கு என்ன இருக்கு?” என்று சங்கரலிங்கம் முறுக்கிக்கொண்டார்.

கருப்பசாமியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கூடாரத்திலேயே பாதி வயதைக் கழித்த மனிதர். வாசலில் தன் பெயர் எழுதிய ஒரு வீடு, அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். லீவு வேறு கரைந்துகொண்டிருந்தது. “கையெழுத்தைப் பொறவு வாங்கிக்கிடலாம்ல” என்று மனைவியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார். நானும் ஒத்து ஊதினேன்.

“பொறவுன்னா கோர்ட்டுக்குத்தான் அலையணும். நீங்க எல்லைக்குப் போயிருவீக. ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கிட்டு அலையப் போறது நானு.”

வத்திராயிருப்பு பஸ்

மறுநாள் காலையில் வேலம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டு வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினார். கோமதியின் வீடு பிளவக்கல் அணைக்குப் போகிற ரோட்டில் தென்னந்தோப்புக்குள் இருந்தது. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வேலம்மாள் நேராகக் கேட்டார்: “அக்கா, உங்க வீட்டை நாங்க வாங்கலாமா? உங்க பங்கு உங்க கைக்கு வந்தாத்தான் வாங்குவோம்.”

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரகன் அழுதால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பங்கு தராம சும்மா கையெழுத்துப் போடச் சொல்லி எங்கண்ணன் ஆள் விட்டுக்கிட்டேதான் இருந்தான். ‘வாங்கலாமா’ன்னு என்னைக் கேட்டது நீ ஒருத்திதான். என்னைக்கு வரணும்னு சொல்லு, வாரேன்.”

யார் பெயரில்?

தங்கை பங்கைக் கொடுக்காமல் இந்தக் கிரயம் நடக்காது என்று தெரிந்ததும் சங்கரலிங்கம் இறங்கி வந்தார். லீவு முடிவதற்குள் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் வாங்குபவர் பெயரைக் கேட்டார். “கருப்பசாமி” என்று நான் ஆரம்பித்தேன். கருப்பசாமியே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“அவ பேரை எழுதுங்க. வீடு பாத்தது அவ, குடியிருக்கப் போறது அவ. லீவுல வந்து போற எனக்கு வாடகைக்கு ஒரு ரூம்பு விட்டாப் போதும்.”

அதுவரை எங்கள் எல்லார் வாயையும் அடைத்துவந்த வேலம்மாள், பத்திரம் எழுதுகிறவரிடம் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தார்.

சொந்த வீடா வாடகை வீடா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவரைக் கேளுங்கள், தரகனைக் கேட்டால் நாளைக்கே வாங்கச் சொல்லுவான்.