வயது கேட்காத பெட்டி

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பியர் போத்தலை மெஷினில் காட்டினால் அது உடனே சத்தமிடும். வாங்குபவருக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று நான் முகம் பார்த்து உறுதி சொல்லும்வரை அடுத்த சாமானை ஏற்காது. பாணும் பாலும் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். ஆனால் தந்தையர் தினத்துக்கென்று வாசலருகே அடுக்கிவைத்த அந்தப் பெட்டிகளுக்கு மட்டும் மெஷின் எதையும் கேட்கவில்லை. வீட்டிலேயே பியர் செய்வதற்கான சாமான்கள். முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்கு என்று மேலே எழுதியிருந்தது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, அடியில் ஒரு பைப், ஒரு தகர ரின்னில் பாகு, ஒரு பக்கற் ஈஸ்ட், வாளியைக் கழுவ ஏதோ தூள். சவர்க்காரக் கட்டி போவதுபோல, ஒரு சின்னச் சத்தத்தோடு அது என் கையைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் நான் ஒரு கணம் தாமதித்தேன். மெஷின் மறந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

இலங்கையில் எங்கள் பக்கத்தில் அப்படியான வாளிக்குள் இருப்பதைக் கோடா என்பார்கள். சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்ந்து நுரைத்துப் புளித்துக்கொண்டிருப்பது. அதை அடுப்பில் ஏற்றி வடித்தால் கசிப்பு, கள்ளச் சாராயம். வடிப்பது இங்கிலாந்திலும் குற்றம்தான் என்று அறிந்தேன். ஆனால் இங்கே புளிக்கவைப்பதோடு நிறுத்தினால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். என் அம்மாவைப் பொலிஸ் பிடித்தபோது எங்கள் வளவில் இருந்ததும் கோடா மட்டும்தான்.

இந்திய அகதி முகாமிலிருந்து நாங்கள் வெள்ளாங்குளத்துக்குத் திரும்பியபோது எனக்குப் பதினான்கு வயது. தங்கச்சி சின்னவள். அப்பா முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வயல் கூலிக்குப் போனார். அறுவடை முடிந்தால் கூலியும் முடிந்துவிடும். அந்த மாதங்களில்தான் வீட்டுக்குப் பின்னால், பற்றைக்குள், ஒரு நீல நிறப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், மண்ணுக்குள் இறங்கியது. அம்மா பாவம், வேறு வழியில்லை என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ரெஜினாக்கா சில காலைகளில் எங்கள் வளவுக்குள் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், முதல்நாள் குடிக்க வந்த புருசன் விட்டுப்போன செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போவார். அவர் போகும்வரை அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார்.

பொலிஸ் ஒரு சனிக்கிழமை பகலில் வந்தது. கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பரலைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, தட்டுத்தடுமாறிய தமிழில், கோபமில்லாமல்தான் கேட்டார்: "இது யார்ட பரல்?"

"அம்மான்ர," என்றேன்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு ஜீப்பில் ஏறினார். பதினான்கு நாள் மறியல், சிறைக்குள். திரும்பி வந்தபிறகு பரலைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. என் கலியாணம், விசா, தங்கச்சியின் பிரசவம் எல்லாவற்றையும் பேசினோம். அதை மட்டும் தொடவில்லை.

தந்தையர் தினத்துக்கு முதல்நாள் ஒரு வயதான வெள்ளைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மருமகனுக்கு வாங்குகிறாராம். எது நல்லது என்று கேட்டார். வழக்கமாகத் தெரியாது என்றுதான் சொல்வேன். அன்று காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருந்தது. சொற்களைத் தெரிந்தெடுக்க உடம்பில் தெம்பில்லை. "என் அம்மா வீட்டில் செய்தவர்," என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவருடைய முகம் மலர்ந்தது. "என்ன அருமையான பொழுதுபோக்கு! அவருடைய பியர் எப்படி இருக்கும்?"

பியர் இல்லை என்று சொல்ல வேண்டும். பரல், ஜீப், மறியல். அதற்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். "நல்ல கடுமையாக இருக்கும்," என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்குத் தன் வாழ்த்தைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனார்.

விற்காமல் மிஞ்சிய பெட்டிகளுக்கு இரண்டு நாளில் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் ஒன்றை வாங்கினேன். ஏன் என்று இன்னமும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பட்டப்பகலில், ஒளிக்காமல், என் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் எனக்கு லீவு. இரவு வேலை முடித்து வந்த என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். இங்கே மத்தியானம், அங்கே பொழுதுபடும் நேரம். அம்மா செபமாலையும் கையுமாக வீடியோவில் வந்தார்.

"ஒரு கிழவர் உங்களுக்கு வாழ்த்துச் சொன்னவர் அம்மா."

"எனக்கோ? என்னத்துக்கு?"

போனைத் திருப்பிப் பெட்டியில் இருந்த படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வாளி. மூடியிலை காத்துப் போக ஓட்டை இருக்கோ?"

"ஓம்."

"கோடாவே?"

"ஓம் அம்மா, பியருக்கு. எங்கடை கடையிலைதான் விக்கிறம்."

"பொலிஸ் ஒண்டும் சொல்லாதோ?"

"இஞ்சை இது குற்றமில்லை."

"எங்கடை ஆக்களுக்குமோ?"

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தெரியும். ஆனால் என் விசா இன்னும் ஒருமுறை புதுப்பிக்க இருக்கிறது. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் சீருடையோடு கதவில் நின்றாலும் நான் முதலில் பாஸ்போர்ட்டைத் தேடுவேன். புலம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "எல்லாருக்கும்தான்," என்று சொல்லிவிட்டு, அந்த வேகத்திலேயே மற்றதையும் சொன்னேன். "அண்டைக்கு நான்தான் காட்டிக்குடுத்தனான் அம்மா. பரல் உங்கடை எண்டு."

"தெரியும். கிணத்தடியிலை நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

அவருக்குக் கேட்டிருக்காது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

"என்னிலை கோவமோ?"

"அப்ப கோவம்தான். மறியல்லை நாலைஞ்சு நாள் கோவமாத்தான் கிடந்தனான். பேந்து, நீங்கள் ரெண்டு பேரும் என்னத்தைத் தின்னுறியளோ எண்டு யோசிக்கத் தொடங்கினன். அதோடை கோவம் போட்டுது." செபமாலையின் மணிகளை ஒன்றொன்றாகத் தள்ளினார். "ரெஜினா சோறு தந்தவள் எண்டு வந்தபிறகுதான் அறிஞ்சனான். அவளின்ர முகத்தை நான் இன்னும் நேராப் பாத்துக் கதைக்கிறேல்லை."

ஓம், அந்தப் பதினான்கு நாளும் ரெஜினாக்காதான் சோறு தந்தார். செருப்பைப் போலவே, அதையும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார்.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துப்போடு பிள்ளை," என்றார் அம்மா. "குற்றமில்லாட்டியும் எங்களுக்கு வேண்டாம். அந்த மணம் உடுப்பிலை ஏறினா லேசிலை போகாது." பிறகு தங்கச்சியைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்துவிட்டுச் செபத்துக்குப் போனார்.

மறுநாள் வேலை தொடங்க முன்னர், பிரிக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாமான் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரின் வரிசையில் நின்றேன். கடைச் சட்டை போட்டிருந்தேன். நெஞ்சில் பெயரும் இருந்தது. கவுண்டருக்குள் நின்ற ஜேன் என்னைக் கண்டு, "நீ ஏன் அங்கே நிற்கிறாய்? உள்ளே வா," என்று கையைக் காட்டினாள். அதே நேரம் பின்னால் நின்ற பெண் என் தோளைத் தொட்டார்.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறவரா, வரிசையில் நிற்கிறவரா?"

"இரண்டும்," என்றேன்.

அது அவருக்குப் பதிலாகப் படவில்லை. என்னைத் தாண்டி முன்னே போனார். அவருக்குப் பின்னால் நின்றவரும் போனார். ஜேன் இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் போகாமல், போகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றேன்.