ஆடி மாதத்து வெயில் பலகை

அக்காவை ஆடிக்கு அழைத்து வந்த அன்று வீட்டில் எல்லாரையும் விட அதிகமாகக் குதித்தது நான்தான். அந்தக் குதிப்பில் பாதி அவள் போனுக்காக. வைகாசியில் கல்யாணமாகித் திண்டிவனம் போனவள், கூடவே எங்கள் உலகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உலகம் என்றால், கட்டை கட்டையாக அடுக்கி வீடு, வயல், கோட்டை என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற ஒரு வீடியோ கேம். அது அவள் போனில்தான் இருந்தது. அவள் திறந்து விட்டால்தான் நான் அம்மாவின் போனிலிருந்து உள்ளே நுழைய முடியும். இரண்டு மாதமாக நுழைய வழியில்லாமல், வேறு கதியின்றி அஞ்சாங்கிளாஸ் கணக்கையெல்லாம் ஒழுங்காகப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

புதிதாகக் கல்யாணமான பெண் ஆடி முழுக்கத் தாய்வீட்டில் இருப்பாள், ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப்போவார்கள். எனக்கு அது முழுப்பரீட்சை லீவு மாதிரி இருந்தது. அக்காவுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. வந்த முதல் வாரம் அவள் பகலெல்லாம் தூங்கினாள். கல்யாணக் களைப்பு என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்தும் தீராத களைப்பு என்ன களைப்போ, அதை அந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “நா போவலமா. ராத்திரியானா பயமா இருக்குது.”

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “புதுசுல எல்லாருக்கும் அப்டித்தான். போகப் போக சரியாப் பூடும். நைனா காதுல போட்டுடாத, டென்ஷன் ஆயிடுவாரு.”

நான் குறுக்கே புகுந்து, மாமா வீட்டுக்கு ஒரு நைட் லாம்ப் வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது என்று யோசனை சொன்னேன். அம்மா அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். பெரியவர்களுக்கு லேசில் புத்தி வராது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மத்தியான நேரங்களில் நாங்கள் இருவரும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு உலகத்துக்குள் போக ஆரம்பித்தோம். எனக்குக் கல்யாண மகால் கட்ட ஆசை. எங்கள் ஊர்க் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற கட்டடம் அது, அடுக்கடுக்காக, வளைவு வளைவாக. அக்கா முடியவே முடியாது என்றாள். “அதுல ஏதுடி கதவு? நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. களஞ்சியம் கட்டலாம்.” கோட்டையில் இருக்கிற நெற்களஞ்சியம், இடித்தாலும் இடியாத சுவர், ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதில் போய் யார் குடியிருப்பார்கள் என்று சண்டை போட்டேன். அவள் அதற்குள் கல் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவள் அவள். ஒரகடத்தில் வேலை கூடக் கிடைத்திருந்தது. மாப்பிள்ளையும் அதே நேரத்தில் கிடைத்துவிட்டதால் வேலை நின்றுபோனது. அந்தப் படிப்பையெல்லாம் அவள் எங்கள் களஞ்சியத்தில்தான் இறக்கினாள். கூரை மேல் ஒரு பலகை வைத்தாள். அதற்கு நான் வைத்த பெயர் வெயில் பலகை. வெயில் பட்டால் அதில் கரண்ட் மாதிரி ஒன்று உண்டாகும். அங்கிருந்து சுவரோரமாகக் கரண்ட் ஓடுகிற சிவப்புத் தூளைக் கோடு போல இழுத்து, கீழே இரும்புக் கதவோடு சேர்த்தாள். பகல் முழுக்கக் கதவு திறந்திருக்கும், பொழுது இறங்கினால் தானாகச் சாத்திக்கொள்ளும். இன்னொரு பலகையைத் தலைகீழாக வேலை செய்யும்படி மாற்றி விளக்குகளோடு இணைத்தாள். இருட்ட ஆரம்பித்ததும் மொத்த விளக்கும் எரியும். முதல் தடவை கதவு தானாகச் சாத்தியபோது, கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன்.

எனக்கு மட்டும் இத்தனை பாடு எதற்கென்று புரியவில்லை. அந்த விளையாட்டில் ராத்திரியானால் பூதங்கள் வரும், வாஸ்தவம்தான். ஆனால் கட்டிலில் போய்ப் படுத்தால் அடுத்த நொடி விடிந்துவிடும். ஒரே நிபந்தனை, உள்ளே இருக்கிற எல்லாரும் படுக்க வேண்டும். ஒருத்தர் விழித்திருந்தாலும் ராத்திரி அங்கேயே நிற்கும். நான் படுத்துவிடுவேன். அக்கா படுக்க மாட்டாள்.

“நீ படுக்காம எப்டிக்கா விடியும்?”

“விடியலன்னா இன்னா? விடிய விடிய ஆவணிதான வருது.”

எனக்கு வந்ததே கோபம். “அம்மா, அக்கா படுக்கவே மாட்டேங்குறாம்மா!” என்று வீடே அதிரக் கத்தினேன். அம்மா கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்று அக்காவையே பார்த்தாள். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, விளையாட்டில் நான் ஆடு மேய்க்கிறேன் என்று களஞ்சியத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தேன். பொழுது இறங்கிக் கதவு என் மூஞ்சிக்கு நேரே சாத்திக்கொண்டது. நான் பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டேன். அப்போது பாயில் என் பக்கத்தில் கிடந்த அக்கா அலறினாள். “பாப்பா, உள்ளயே இருக்குதுடி!”

ஏணிக்கு அடியில் ஒரு மூலையில் விளக்கு வைக்க மறந்திருக்கிறாள். இருட்டு இருக்கிற இடத்தில் பூதம் முளைக்கும். வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாதென்று கட்டின வீட்டுக்குள்ளேயே முளைத்துவிட்டது. கதவு இரும்பு, கையால் தட்டினால் திறக்காது. வெயில் வந்தால்தான் திறக்கும். பூதம் கிட்டத்தில் இருந்தால் கட்டிலிலும் படுக்க முடியாது. அவள் சுவரோடு சுவராக ஓடி ஓடிக் கடைசியில் செத்தாள். செத்தால் மறுபடி பிறந்து வரலாம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். கேமுக்குப் போய் இப்படியா ஒரு பெரிய பொண்ணு அழுவாள்!

“வெளிய இருக்குறத வராம பண்ணிட்டேன். உள்ளயே இருந்தா இன்னா பண்றது பாப்பா?”

“உள்ள ஒரு சுவிட்ச் வெச்சுக்கோக்கா. கதவத் தொறந்துனு ஓடியாந்துடு.”

“எங்கடி ஓடியார்றது?”

“இங்கதான். மரத்துல எடம் இருக்குது, பாரு.”

அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மூச்சு முட்டியது, விடு விடு என்று உதறிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை, நைனா கடைக்குக் கிளம்பி வண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலுக்குப் போனாள். இங்கேயே இருந்து வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். நைனா கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. வண்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடி, “ஆவணி மொத முகூர்த்தத்துல வராங்கம்மா. நல்ல பொடவையா ரெண்டு எடுத்துக்கோ,” என்றார். வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது.

வந்தார்கள். தட்டுத் தட்டாகப் பழமும் இனிப்பும் கூடத்தில் பரப்பியிருந்தது. மாமா எனக்கு ஒரு பெரிய சாக்லேட் கொடுத்தார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அக்கா புதுப்புடவையில் காரில் ஏறுமுன் என்னிடம் குனிந்தாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“கதவுக்கு சுவிட்ச் வெச்சிட்டேன்டி. வெளிய வெச்சிருக்கேன். நீதான் வந்து தொறக்கணும்.”

“நா எப்டி வர்றது? உலகமே உன் போன்லதான இருக்குது,” என்றேன். சுவிட்சைக் கொண்டுபோய் வெளியே வைக்கிறாளே, படித்த முட்டாள் என்று எனக்கு எரிச்சல். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

தலை தீபாவளிக்கு வந்தபோது அவள் கையில் போன் இல்லை. மாமா வாங்கி வைத்துக்கொண்டாராம். எதற்கு என்று கேட்டேன். “எதுக்கு ஒனக்கு போன்னாரு,” என்று மட்டும் சொன்னாள். அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாராம். களஞ்சியம், வெயில் பலகை, விளக்கு, மரம், எல்லாம் போச்சு. நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். பட்டாசு வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்று அடம் பிடித்தேன். வேற போன் வாங்கித் தரேன் என்று நைனா கெஞ்சினார். அம்மா அதிரசத்தைப் பிட்டு வாயில் ஊட்டப் பார்த்தாள். மாமா கூட என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் என்னைத்தான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவும்தான்.