கழுவாமல் வந்த கால்

பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்பே நோரா டீச்சர் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அன்றைய மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "வலது காலை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. நகம் வெட்டிக்குங்க. ஷூ வேண்டாம், செருப்பு போதும்" என்று சொல்வது அவள் வேலை. கழுவப்போகிற காலை முன்கூட்டியே கழுவிவிட்டு வரச் சொல்வதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. மயிலாப்பூரில் அந்தப் பங்கில் இருபத்தெட்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

இந்த வருஷம் பதினோரு பேருக்குத்தான் போன் போனது. பன்னிரண்டாவது பெயர் கிளிஃபர்ட்.

அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்த அன்றே அவள் ஃபாதர் ஃபிரெட்ரிக்கின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எந்தக் கிளிஃபர்ட் ஃபாதர் இது?"

"உங்களுக்குத் தெரிஞ்சவர்தான் டீச்சர். அடையாறுல பஞ்சர் கடையில வேலை பாக்கறார். ஒரு வருஷமா கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போறார்."

"கடைசி பெஞ்சே அவனுக்கு ஜாஸ்தி."

கிளிஃபர்ட் அவளுடைய தங்கை சோஃபியாவின் புருஷன். வடபழனியில் சினிமா கம்பெனிக்கு வேன் ஓட்டினான். சோஃபியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, வெளியூர் ஷூட்டிங் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவேயில்லை. வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பிறகு காதுக்கு வந்தது. நோரா கல்யாணம் செய்துகொள்ளாதவள். பள்ளிக்கூட வேலைதான் அவளுக்கு எல்லாம். அதை விட்டாள். ஐந்து வருஷம் தங்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் போய் வந்தாள். வாசலில் வேன் சத்தம் கேட்டால் போதும், சோஃபியா தலையைத் திருப்பிப் பார்ப்பாள். நோராவுக்கு அது ஆறவேயில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சோஃபியாவை அடக்கம் செய்தபோதும் அவன் வரவில்லை.

ஃபாதர் பேனாவை மூடி வைத்தார். "ஞானோபதேச வகுப்புல பிள்ளைங்களுக்கு அருள்னா என்னன்னு சொல்லித் தர்றீங்க டீச்சர்?"

"தகுதி இல்லாதவங்களுக்கும் கடவுள் சும்மா குடுக்கறது. நாம சம்பாதிச்சு வாங்க முடியாதது. என் பிள்ளைங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அதுக்காக? அவர் பாட்டுக்குக் குடுத்துட்டுப் போயிடுவாரா? சோஃபியாவை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? அவ அப்படிக் கிடந்து செத்தது ஒண்ணுமே இல்லையா?"

முப்பத்திரண்டு வயது ஃபாதர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க கேக்கறது நியாயம்தான் டீச்சர். ஆனா அவர் பேரை எடுக்க மாட்டேன்."

படி இறங்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். போன் கிடையாது. வரட்டும், அந்த லட்சணத்தோடேயே வந்து பீடத்துக்கு முன்னால் உட்காரட்டும். கோயிலே பார்த்து முகம் சுளிக்கட்டும்.

வியாழக்கிழமை மாலை முதல் ஆளாக வந்தவர் வால்டர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "டி.நகர்ல பார்லருக்கே போய்க் காலைச் சுத்தம் பண்ணிட்டு வந்துட்டேன் டீச்சர். ஃபாதர் முத்தம் குடுக்கற கால் இல்லையா?"

"நெயில் பாலிஷ் போடாம வந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்."

கிளிஃபர்ட் மணி அடித்த பிறகுதான் வந்தான். கடையிலிருந்து நேராக வந்திருந்தான். செருப்பைக் கழற்றியதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பாதம் முழுக்கக் கிரீஸ். குதிகால் வெடிப்புகளில் ரோட்டுப் புழுதி கறுப்பாக ஏறியிருந்தது. பளபளவென்ற மற்ற பதினோரு கால்களையும் பார்த்துவிட்டு அவன் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். நோரா அதைப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

ஃபாதர் ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். பதினோரு பேர் முடிந்தபோதும் தாம்பாளத்துத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது காலில் அது கறுத்தது.

"டீச்சர், இன்னும் தண்ணி."

அவள் ஜக்கை நிரப்பிக் கொண்டுவந்தாள். ஃபாதர் அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, விரலிடுக்குகளில் தேய்க்க ஆரம்பித்தார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் முதலிலிருந்து பாடியது. இரண்டாவது ஜக். மூன்றாவது ஜக். எல்லாவற்றையும் நிரப்பிக் கொண்டுவந்தது நோராதான். பதினோரு கால்கள் சும்மா நனைந்ததோடு சரி. இன்றைக்கு நிஜமாகவே கழுவப்பட்டது இவன் கால் ஒன்றுதான். அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்ததும் அவளேதான்.

பூசை முடிந்து, வெளியே குழாயடியில் அவள் ஜக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது வால்டர் கிளிஃபர்டை மடக்கினார். சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"ஏன்ப்பா, பீடத்துக்கிட்ட வர்றோம்னு ஒரு மட்டு மரியாதை வேணாம்? டீச்சர் எல்லாருக்கும் போன்ல சொன்னாங்களே. உனக்குச் சொல்லலியா?"

கிளிஃபர்ட் திரும்பி நோராவைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்துபோனது அவளுக்கும் தெரிந்தது.

"சொன்னாங்க சார். கடையில வேலை ஜாஸ்தி, நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னுது."

நோரா குழாயை மூடினாள். இவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் அவள். இவன் அவளைக் காப்பாற்றுகிறான். கேட்காமலேயே, இத்தனை பேர் முன்னால், சும்மா தூக்கிக் கொடுக்கிறான். வாயை மூடிக்கொண்டு நின்றால் அதை வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும்.

"பொய் சொல்றான் வால்டர் சார். நான் இவனுக்குச் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும்னு விட்டேன்."

அவளிடம் படித்து வளர்ந்த இரண்டு பேர் அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தார்கள். வால்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

"வுடுக்கா. இன்னாத்துக்கு இதெல்லாம்" என்றான் கிளிஃபர்ட்.

"நீ பேசாத. உனக்காகச் சொல்லல நான். என்மேல பாவம் பார்க்க நீ யாருடா? அஞ்சு வருஷம் அவ வாசலையே பார்த்துட்டுக் கிடந்தா. அதை எந்தச் சாமியார் எத்தனை ஜக் தண்ணி ஊத்திக் கழுவுவார்?"

"கழுவ முடியாதுக்கா."

அவன் ஒரு சாக்கும் சொல்லாமல் ஒத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. போகச் சொல்ல வாயெடுத்தாள். அவனோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னும் கீதுன்னா சொல்லுக்கா. நின்னு கேக்கறேன்."

இருந்தது. நிறைய இருந்தது. அவள் ஜக்கைக் கீழே வைத்தாள்.