அந்தோனிப்பிள்ளை வாசலில் பனி தங்காது

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து மழையைப் பற்றி அந்தோனிப்பிள்ளையிடம் யாரும் தெரியாமல் வாய்திறந்துவிடக் கூடாது. பிடித்தால் விடமாட்டார். ஜூலையில் இடியோடு கொட்டுவது, நவம்பரில் நாட்கணக்கில் நசநசவென்று தூறுவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. மேற்கேயிருந்து வருகிற முகிலெல்லாம் மலைக்காட்டில் முட்டித்தான் இங்கே அழுகிறதாம். முன்பெல்லாம் கிறிஸ்மஸ் தொட்டு மாசி வரை கிடந்த பனி இப்போது இரண்டு நாளில் சேறாகிப் போவதையும் சொல்லுவார். கடைசியில் தன் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"ஊரெல்லாம் ஸ்னோ கொட்டட்டும். எங்கட வாசலில மட்டும் தங்காது. ரோட்டுக்குக் கீழால சுடுதண்ணிக் குழாய் போகுது, அதுதான்."

சும்மா சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அவருக்குப் பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய பஸ்ஸால் இறங்கி வரும்போது தெருவில் அவரவர் வாசலில் சனம் மூச்சுவாங்கப் பனி வழித்துக்கொண்டிருக்கும். இந்த நாட்டில் வீட்டுக்காரர்தான் தன் வாசல் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் பழி அவர் தலையில். அந்தோனிப்பிள்ளையின் வாசலோ துடைத்துவிட்டது போலக் கிடக்கும். மாதாவுக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். வீடு வாங்கிய நாள் தொட்டு அந்த மனுசன் பனியை வாரி ஒதுக்க ஒரு சவள்கூட வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் ஹெர் வில்ம்ஸிடமும் வேலிக்கு மேலால் இந்தக் குழாய்க் கதையை அளந்திருக்கிறார். கிழவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

போன இலையுதிர்காலத்தில் பென்ஷன் வந்தது. இரவில் வீட்டில் படுக்கக் கிடைத்த முதல் குளிர்காலம் இதுதான். உடம்பு மட்டும் பழக்கத்தை விடவில்லை. மனைவி சந்திரகாந்திக்கு முன்னமே எழும்பிச் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவளுக்கு அது பெரிய நிம்மதி.

மாசியில் ஒரு நாள். பகல் முழுக்கப் பெய்த மழை இரவு பனியாக மாறிக் கொட்டியது. அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி அது, விடிய விடியக் குளிரும் இறுகியது. விடியப்புறம் சோறு வடித்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தார். வாசலில் கணுக்கால் புதையப் பனி! குழாய்க்கு என்ன நடந்தது? ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அல்லவா, வெட்கமும் பிடுங்கித் தின்றது. வீட்டில் சவளும் இல்லை, பனிக்குப் போடுகிற உப்பும் இல்லை. கையில் இருந்தது ஆவி பறக்கும் ஒரு பானை கஞ்சி. உப்புப் போட்ட கஞ்சி. சூடும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கொண்டுபோய் ஊற்றினார். பனி சர்ரென்று கரைந்து இறங்கியது. சந்தோசம் தாங்கவில்லை. உள்ளே ஓடிக் கேத்தில் கேத்திலாகத் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினார். தரை கறுப்பாகத் தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கறிக்கு வெங்காயம் வெட்டப் போனார்.

கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே தடாரென்று ஒரு சத்தம். பிறகு ஒரு முனகல்.

ஓடினார். படியிலேயே அவருக்குக் கால் சறுக்கியது. ஊற்றிய தண்ணீர் அந்தக் கடுங்குளிரில் கண்ணாடியாக உறைந்திருந்தது. அதன்மேல் ஹெர் வில்ம்ஸ் மல்லாக்கக் கிடந்தார். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு சவள், சரிந்து கிடந்த உப்பு வாளி.

"சந்திரா! அம்புலன்சுக்குக் கோல் அடியுமப்பா!"

கதவடிக் கொழுவியில் தொங்கிய ஜாக்கெட்டை இழுத்துவந்து கிழவருக்குப் போர்த்திவிட்டார். தெரிந்த ஜெர்மனில், இந்த நேரத்தில் இந்தப் பக்கம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மன்னியுங்கள், ஹெர் பிள்ளை. இன்றைக்குப் பிந்திவிட்டேன். நேரத்தோடு வந்து வழித்திருந்தால் இப்படி உறைந்திருக்காது."

"எதை வழிக்க?"

"உங்கள் வாசலைத்தான். என்னுடையதோடு சேர்த்து எப்போதும் வழித்துவிடுவேனே. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வருகிற மனிதர் நீங்கள்."

அந்தோனிப்பிள்ளையின் கண் பக்கத்தில் கிடந்த சவளுக்குப் போனது. திரும்பிச் சந்திரகாந்தியைப் பார்த்தார். அவள் வாயில் கை வைத்தபடி நின்றாள்.

"நீங்கள் வேலையால வந்து வழிச்சுப்போட்டுத்தான் குழாயெண்டு பகிடி விடுறியள் எண்டல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்," என்றாள்.

அம்புலன்ஸ் வந்தது. இடுப்பும் முறிந்திருக்கலாம் என்று அம்புலன்ஸ்காரர் ஒருவர் மற்றவரிடம் சொன்னது அந்தோனிப்பிள்ளையின் காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி பனியோடு போய்விடும். அப்படி நிற்க அவரால் ஏலவில்லை. வழுக்கி வழுக்கிக் கூடவே போய் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஹெர் வில்ம்ஸ், அது தானாக உறையவில்லை. நான்தான் சுடுதண்ணீர் ஊற்றினேன்."

கிழவர் வலியையும் மறந்து தலையைத் தூக்கினார். நம்பமுடியாமல் பார்த்தார்.

"தண்ணீரா?"

அந்தோனிப்பிள்ளை தலையாட்டினார்.

"அப்படியென்றால் இங்கே நிற்காதீர்கள். போய் உப்புப் போடுங்கள். வாளியில் மிச்சம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரப்போகிறார்கள்."

அம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்டது. அந்தோனிப்பிள்ளை அந்தக் கண்ணாடித் தரையில் நாலு காலில் தவழ்ந்துபோய், இன்னொருவர் வாங்கிவைத்த உப்பை இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டார். நிமிர்ந்து தெருவைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.